பாட்டும் பயனும்: பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் திரைப்பாடல்களிற் சொல்வன்மை

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பற்றி முற்போக்கு விமர்சகர்கள் எழுதியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, அவற்றுட் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருப்பதை அவதானிக்கலாம். உழைப்பு, பசி, சமத்துவம், பொதுவுடைமை ஆகியவற்றைப் பேசும் அடிகள் பாடல்களிலிருந்து பொறுக்கியெடுக்கப்படும். அவை தலைப்புகளின் கீழ் அடுக்கப்படும். இறுதியில் கவிஞர் மக்கள் பக்கம் நின்றார் என்ற தீர்ப்பு வழங்கப்படும். நாமும் அவ்வாறு எழுதியதுண்டு. தீர்ப்புப் பிழையென்று நாம் கூற வரவில்லை. ஆயின் அத்தீர்ப்பை அடைவதற்குப் பாடல்கள் தேவையில்லை. அவரது வாழ்க்கை வரலாறே போதும். பாட்டிற் கருத்து இருக்கிறது என்று காட்டுவது வேறு. அக்கருத்துப் பாட்டினுள் என்ன வேலையைச் செய்கிறது என்று காட்டுவது வேறு. ஒரே கருத்தை ஒருவனை எழுந்து நிற்கச் செய்யும் வகையிலுஞ் சொல்லலாம். உட்கார்ந்து காத்திருக்கச் செய்யும் வகையிலுஞ் சொல்லலாம். இவ்வேறுபாட்டைக் காணாத விமர்சனம், பாட்டின் அரசியலைப் பேசுவதாக எண்ணிக்கொண்டு அதன் பொருளடக்கத்தை மட்டுமே பேசிவிட்டுப் போகிறது.

சொல்வன்மை என்றதும் நம்மவர் பலருக்கு அணியிலக்கணமே நினைவுக்கு வருகிறது. உவமை எங்கே, உருவகம் எங்கே என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். தண்டியலங்காரம் வகுத்த அணிகளைத் திரைப்பாடல்களிற் கண்டுபிடித்துப் பட்டியலிடும் கட்டுரைகளும் பல்கலைக்கழக மட்டத்தில் வந்திருக்கின்றன. அவற்றாற் பெறும் பயன் சிறிதே. எமது மரபில் இதைவிடப் பழைமையானதும் இதைவிடக் கூர்மையானதுமான ஒரு கருவி உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு உறுப்புகள் முப்பத்து நான்கு கூறும்போது, கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கின்றது. யார் கூறுகிறார், யாருக்குக் கூறுகிறார், எங்கு, எப்பொழுது, அதனால் விளைவது யாது என்பன செய்யுளுக்கு வெளியே உள்ள செய்திகளாக அன்றி, எழுத்தும் அசையும் போலச் செய்யுளின் உறுப்புகளாகவே கொள்ளப்பட்டிருக்கின்றன. அகப்பாடல்களுக்கு உரைகாரர் வகுத்த துறைகள் யாவும் இந்த அறிவின் மேல் எழுந்தவை. திரைப்பாடலைப் போலக் கூற்றும் களனும் வெளிப்படையாக அமைந்த செய்யுள் வேறில்லை. இன்ன பாத்திரம், இன்ன பாத்திரத்திடம், கதையின் இன்ன கட்டத்திற் பாடுகிறது என்பது முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டு, அதன் பின்னரே கவிஞரிடம் மெட்டு வருகிறது.

கல்யாணசுந்தரம் 1930இல் தஞ்சை மாவட்டத்திற் பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டிற் பிறந்து, 1959இல், தமது இருபத்தொன்பதாவது வயதில் மறைந்தவர். விவசாயக் குடும்பத்தவர், பாரதிதாசனிடம் இருந்து பயின்றவர், பொதுவுடைமை இயக்கத்தின் ஊடாக வந்தவர். இவை யாவரும் அறிந்தவை. திரைப்படத்தில் அவர் தீவிரமாக எழுதிய காலம் ஐந்தாண்டுக்குச் சற்று மேல். தஞ்சைப் பண்ணையாட்களின் போராட்டங்களின் பின்னணியில் 1952இற் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், தி.மு.க. சினிமாவைத் தனது மேடையாக ஆக்கிக்கொண்டதும் அக்காலத்தைச் சூழ்ந்த நிகழ்ச்சிகள். கவிஞர் முன்னதிலிருந்து வந்தார், பின்னதற்குள் எழுதினார். அவருடைய சொல்வன்மையின் சிக்கல் இவ்விடத்தில் தொடங்குகிறது.

1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்தில் டி. எம். சௌந்தரராஜனும் பி. பானுமதியும் பாடும் ஓர் உழவுப் பாட்டு உண்டு. விமர்சகர்கள் மிகுதியாக எடுத்தாண்ட பாட்டு அது. அதனை இங்குச் சற்று விரிவாக நோக்குவோம்.

பாட்டு ஆணின் கூற்றாகத் தொடங்குகிறது. தரிசாகக் கிடந்த நிலத்தைக் கொத்தியது முதல், ஏரோட்டியது, குளக்கரையை உயர்த்தியது, வாய்க்கால் வெட்டியது, நாற்றுப் பிடுங்கி நட்டது, நீர் பாய்ச்சியது என்று உழவுத்தொழில் முழுவதும் வினையெச்சங்களாக அடுக்கப்படுகின்றது. ஒவ்வோர் எச்சமும் ஒரு மனிதனின் செயல். அத்தனை எச்சங்களும் எந்த முற்றை நோக்கி ஓடுகின்றன? நெல் விளைந்திருக்கிறது என்ற முற்றை நோக்கி. செய்தவன் எவனோ அவன் வாக்கியத்தின் முடிவில் இல்லை. நெல் வந்து எழுவாயாக அமர்ந்துகொள்கிறது. செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலைக் கொண்டே முடியவேண்டும் என்பது தொல்காப்பிய விதி. பிறவினைமுதல் கொண்டு முடிவதற்கு உரைகாரர் இடங்கொடுத்து, மழையின் செயலால் மரம் தழைப்பதை உதாரணங் காட்டினர். இயற்கையின் செயலுக்கு இலக்கணம் அளித்த அந்த இடத்தில் இங்கு உழவனின் உழைப்பு வைக்கப்பட்டிருக்கிறது. மழையைப் போல அவன் பெய்து ஓய்கிறான். பயிர் தானே விளைந்ததாகிறது. உழைப்பாளி தன் உற்பத்திப் பொருளிலிருந்து அந்நியப்படுவதை எந்தத் தத்துவச் சொல்லுமின்றி ஒரு வாக்கியத்தின் அமைப்பே நிகழ்த்திக் காட்டுகிறது. கவிஞர் இதனைப் பிரக்ஞைபூர்வமாகச் செய்தாரா என்ற கேள்வி எமக்கு முக்கியமன்று. கிராமத்துப் பேச்சில் இவ்வாறுதான் சொல்வார்கள் என்று மறுக்கப்படலாம். பேச்சில் அவ்வாறு வழங்குவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறதல்லவா?

அந்நியப்பட்டுப் போனவனை மீட்டு வாக்கியத்துக்குள் கொண்டுவருபவள் பெண். விளைந்ததால் நமக்கென்ன, நமக்கு எஞ்சியது கையுங் காலுமே என்கிறாள் அவள். ‘மிச்சம்’ என்று அவள் ஆளும் சொல்லின் மீது நமது விமர்சகர்கள் நின்று நிதானித்ததாகத் தெரியவில்லை. உழைப்பின் மிகையாக விளைந்தது வேறெங்கோ போய்விட, உழைத்தவனுக்கு மிச்சமாவது உழைக்கும் உறுப்புகளே. உழைப்புச் சக்தியைத் தவிர விற்பதற்கு வேறொன்றும் இல்லாதவன் என்று மார்க்ஸ் தொழிலாளியை வரையறுத்ததை, எவரும் சந்தை நாளிற் பேசும் ஒரு சொல்லால் முடித்துவிட்டார் கவிஞர். மேலும் அவள் ‘நமக்கு’ என்கிறாள். கேட்போனையும் உளப்படுத்திய தன்மைப் பன்மை அது. அவளது கூற்றில் வர்க்கம் பன்மையாக இருக்கிறது.

இனி ஆணின் மறுமொழிகள். முதலாவது மறுமொழி, விளையட்டும், நமக்குரிய காலம் பின்னால் இருக்கிறது என்பது. அதுவே பல்லவியாகவும் அமைந்து, ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் திரும்பி வருகிறது. நம்பிக்கையை ஊட்டும் அதே சொல் ஒத்திவைப்பாகவும் இருக்கிறது. இரண்டாவது மறுமொழி இதனிலும் கவனத்துக்குரியது. மாட்டைப் போல உழைத்தவனுக்குப் பசி ஏன் வந்தது என்று அவள் கேட்கிறாள். அவன் தேடியது வேறிடத்திற் போய்ச் சேர்வதால் என்கிறான் இவன். சுரண்டலைப் பற்றித் தமிழ்த் திரையில் அதற்கு முன் இவ்வளவு துலக்கமாகச் சொன்னவர் அரியர் என்று இவ்வடி போற்றப்பட்டிருக்கிறது. துலக்கந்தான். ஆயினும் செல்வம் தானாகச் சேர்கிறது. எவரும் அதனைச் சேர்க்கவில்லை. தன்வினைக்கும் பிறவினைக்கும் இடையிலுள்ள இந்தச் சிறு தூரத்தினுள் பண்ணையார் மறைந்து நிற்கிறார். ‘வேறிடம்’ என்ற இடப்பெயர் இருக்கிறது. அவ்விடத்தில் இருப்பவரின் பெயர் இல்லை. 1952இன் ஒளிப்படச் சட்டத்தின் கீழ் இயங்கிய தணிக்கையும், படமெடுப்போர் பெரும்பாலும் நிலமும் முதலும் உடையோராய் இருந்தமையும் இதற்குக் காரணமாகலாம். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. கேட்போன் நோயை அறிகிறான்; நோய் தந்தவனை அறியவில்லை.

அடுத்து அவள், இனிச் செய்யவேண்டியது என்ன என்று கேட்கிறாள். லெனின் தமது நூலொன்றுக்குத் தலைப்பாக இட்ட கேள்வி. கஞ்சி என்று கூவினாற் பானை நிறையாது, சிந்தித்து முன்னேற வேண்டும் என்று அவன் தொடங்குகிறான். முடிவில் வருவது யாது? சட்டத்தைத் தானே போடப்போவதாக அறிவிக்கிறான். பாட்டு முழுவதும் உளப்பாட்டுப் பன்மையாய் இருந்த தன்மை, தீர்வு வரும் கணத்தில் ஒருமையாகிவிடுகிறது. ‘நாம்’ பசித்திருந்தோம், ‘நான்’ தீர்த்துவைப்பேன். படத்தின் கதையும் இதுவே. முடியாட்சியை எதிர்த்த நாடோடியான வீராங்கன், அரசனின் உருவத்தை ஒத்திருந்தமையால் அரசனாக அமர்ந்து நல்ல சட்டங்கள் இடுகிறான். அரச பீடம் அகற்றப்படுவதற்கு முன் நல்லவன் ஒருவன் அதில் அமரவேண்டியிருக்கிறது. படத்தைத் தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்திலும் நடித்த எம். ஜி. இராமச்சந்திரன் 1977இல் முதலமைச்சரானார். இத்தகைய படிமங்கள் அரசியலாக மாறியமை பற்றிப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளியிட்ட ஆய்வும், எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் எழுதி, பின்னர் ‘பிம்பச் சிறை’ எனத் தமிழில் வந்த நூலும் விரிவாகப் பேசியுள்ளன. அந்த மாற்றம் ஒரு பாட்டின் மூவிடப்பெயர்களிலேயே நடந்தேறிவிடுகிறது என்பதே நாம் அவற்றோடு சேர்க்க விரும்புவது.

பின்னால் இருப்பதாகச் சொல்லப்பட்ட காலம் அம்மாவட்டத்து உழவருக்கு எப்படி வந்தது என்பதையும் இங்கு மறந்துவிடலாகாது. பாட்டு வெளிவந்து பத்தாண்டின் பின், 1968 டிசம்பர் 25ஆந் தேதி, அதே தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக, 44 பேர் குடிசையொன்றினுள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பாட்டின் மீது இப்பழியைச் சுமத்துவது அபத்தம். ஒத்திவைப்பு என்ற சொல்லை நாம் வெறும் அணிநயமாகக் கையாளவில்லை என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

அறிவுரைப் பாடல்களுக்கு வருவோம். அறிவுரை கூறும் இலக்கியத்துக்குத் தமிழில் நீண்ட மரபுண்டு. வள்ளுவர் சொல்வன்மையை அமைச்சருக்குரிய இலக்கணங்களுள் ஒன்றாக வைத்தார். செவியறிவுறூஉ என்ற துறை அரசனின் செவிக்கு உரியது. அதிகாரம் உடையவனைத் திருத்தினால் நாடு திருந்தும் என்ற நம்பிக்கையில் எழுந்தது அத்துறை. கல்யாணசுந்தரத்தின் அறிவுரைப் பாடல்கள் இத்துறையைத் தலைகீழாக்குகின்றன. கேட்போன் இங்கு தம்பி, அல்லது குழந்தை. அரசனுக்குச் சொன்ன அறிவுரை ஏழைக்குச் சொல்லப்படுகிறது. இது சனநாயகமயமாக்கம் என ஒருவகையில் வரவேற்கத்தக்கது. மறுபுறம், அதிகாரம் இல்லாதவனிடம் பொறுப்பை மட்டும் ஒப்படைக்கும் செயலாகவும் அமைந்துவிடுகிறது.

அதே ‘நாடோடி மன்னன்’ படத்தில், தூங்கிக் கிடக்கும் தம்பியை விளிக்கும் பாட்டில் இப்பொறுப்பொப்படைப்பு முற்றாக நிகழ்கிறது. தூக்கத்தால் இழந்தோரின் அட்டவணையில் போர்வீரன், மாணவன், கடைக்காரன் வருகின்றனர். உழவன் வரவில்லை, ஆலைத் தொழிலாளி வரவில்லை. வரமுடியாது, அவர்கள் இழந்தது தூங்கியதால் அன்று. இவ்வட்டவணையின் அமைதியைக் கெடுப்பது இறுதியில் வரும் ஒரு திருப்பமே. பொறுப்பிலுள்ளோர் தூங்குவதால் நாட்டின் வேலைகள் தூங்குகின்றன என்று சொல்லப்படும்போது, தூக்கம் என்ற சொல் மனிதரிலிருந்து வேலைக்குப் பெயர்கிறது. சுட்டுவிரலும் ஒரு கணம் மேல் நோக்கி உயர்கிறது. ஒரு கணந்தான்.

இத்திருப்பத்தைக் கவிஞர் எவ்வளவு தூரம் வளர்த்தெடுக்க வல்லவர் என்பதை, அவர் மறைந்த பின் 1961இல் வெளிவந்த ‘திருடாதே’ படத்தின் பாட்டிற் காண்கிறோம். எம் கணிப்பில் அவருடைய சொல்வன்மையின் உச்சம் இதுவே. உழவுப் பாட்டு அன்று. பாட்டு ஒரு குழந்தைக்குச் சொல்லும் நீதியாகத் தொடங்குகிறது. களவு செய்யாதே, வறுமை கண்டு மனந்தளராதே. எந்தப் பாடசாலைப் புத்தகத்திலும் இடம்பெறக்கூடிய அறிவுரை. தணிக்கையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் இதில் ஆட்சேபம் இருக்கமுடியாது. திருடுவோர் ஒருபுறமும் தடுக்கும் சட்டம் மறுபுறமும் ஓடிக்கொண்டே இருக்கும் என்றும், திருடுபவன் தானே திருந்தினாலன்றித் திருட்டு ஒழியாது என்றும் அடுத்து வருகிறது. இதுவும் தனிமனித ஒழுக்கவாதமே. இவ்விடத்திற் படிப்பை நிறுத்திய விமர்சகர் உளர்.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. ஏவல் வினைகள் முடிந்து நிபந்தனை எச்சங்கள் தொடங்குகின்றன. ‘செய்யாதே’ என்பது ‘ஆனால்’ என மாறுகிறது. கொடுக்கும் காலம் நெருங்குவதால் எடுக்கும் தேவை இராது. உள்ளவை யாவும் பொதுவாகிவிட்டாற் பதுக்கும் வேலையும் இராது. கவனிக்கவேண்டியது வினைச்சொல்லின் மாற்றம். திருடுவது ஏழைக் குழந்தையின் குற்றமாகத் தொடங்கியது. பதுக்குவது யாருடைய தொழில்? பதுக்குவதற்குப் பண்டம் வேண்டும், களஞ்சியம் வேண்டும். பங்கீட்டு அட்டையும் அரிசித் தட்டுப்பாடும் நினைவில் அகலாத தலைமுறைக்கு அச்சொல்லின் வர்க்கம் நன்கு தெரியும். குற்றவாளிக் கூண்டில் நின்ற குழந்தை, எவரும் அறியாமல் இறக்கிவிடப்பட்டு, அவ்விடத்தில் மண்டிக்காரர் ஏற்றப்படுகிறார். எவரையும் குற்றஞ்சாட்டும் ஓர் அடியேனும் பாட்டில் இல்லை. களவுக்குரிய தண்டனையைப் பற்றித் தொடங்கிய பேச்சு, சொத்துறவைப் பற்றிய பேச்சாக முடிகிறது. உழவுப் பாட்டில் ‘நாம்’ ‘நான்’ எனச் சுருங்கியது. இங்கு ‘நீ’ என்ற ஒருமை விரிந்து, எவரையும் முன்னிலைப்படுத்தாத ஒரு சமுதாய நிலையாகிறது. சட்டம் போட வரும் வீரனுக்கு இப்பாட்டில் வேலையே இல்லை. நட்சத்திர நடிகர் பாடுவதாக அமைந்த பாட்டிலேயே நட்சத்திரத்தைத் தேவையற்றவர் ஆக்கிவிட்டார் கவிஞர்!

இங்கு நம் தோழர்கள் சிலர் கிளப்பக்கூடிய மறுப்பு ஒன்றுண்டு. வணிகச் சினிமா அளித்த இடுக்கினுள் இவ்வளவு சொன்னதே பெரிது. அதற்குமேற் கேட்பது அநீதி என்பர். இடுக்கு என்பது உண்மை. ஆயின் இடுக்கினுள்ளும் இரு வழிகள் இருந்தன என்பதைத்தான் மேற்கண்ட இரு பாடல்களும் காட்டுகின்றன. ஒரே கவிஞர், ஒரே இசையமைப்பாளர் எஸ். எம். சுப்பையா நாயுடு, ஒரே நடிகர். பயன்கள் எதிரெதிர்.

இடுக்கே இல்லாத களனில் இதே கருவி எவ்வாறு இயங்கும் என்பதற்கு நாம் தமிழகத்துக்குப் போகவேண்டியதில்லை. நம் மலையகத்தில் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்டத் தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். பாட்டுக் கேட்டுக் கூட்டம் திரளும். பின்னர் நடேசய்யர் பேசுவார். அப்பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் 1940இல் அச்சாயின. முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஆண்டு அது. முந்திய ஆண்டு, இந்தியத் தினக்கூலிகள் அரசாங்க வேலைகளிலிருந்து நீக்கப்பட்டிருந்தனர். இந்தியரை வெளியேற்ற முனையும் மந்திரிமாருக்கு எதிராகப் பிரசாரம் செய்வதே தம் பாட்டுகளின் நோக்கம் என்று அவர் முகவுரையிலேயே அறிவித்துவிடுகிறார். மறைந்திருக்கும் வினைமுதல் என்ற சிக்கல் இங்கு இல்லை. எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் யாரென்பது தெரியும். கூற்றுக்குரியவரும் கேட்போரும் ஒரே மைதானத்தில் நின்றனர். பாட்டு முடிந்ததும் பயன் அங்கேயே தொடங்கியது: சங்கத்துக்குச் சந்தா.

அதற்காக மீனாட்சியம்மாளை அளவுகோலாக நிறுத்திக் கல்யாணசுந்தரத்தைக் குறைத்து மதிப்பிட நாம் முனையவில்லை. அவர் விளித்த கேட்போர் ‘இந்தியர்’. கொழுந்து பறிப்பவளும் கொழும்புச் செட்டித்தெரு வணிகரும் அச்சொல்லினுள் அடங்குவர். வர்க்கப் பன்மை இங்கு இனப் பன்மையினுள் கரைந்துவிடுகிறது. வெளிப்படையான நோக்கம் உடைய பாட்டும் கேட்போரை வகுக்கும் முறையிற் பிழைபடலாம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அவ்விரு சாராரும் அதனை ஒரே விதமாக அனுபவிக்கவில்லை.

களன் மாறினாற் பயனும் மாறும் என்பதற்குத் திரைப்பாடலே இன்னொரு சான்று தருகிறது. திரையரங்கிற் பாட்டுக்கு முகமுண்டு. வானொலியில் முகமில்லை. 1950களிலிருந்து இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு இப்பாடல்களைத் தமிழகத்துக்கும் இங்குள்ள வயல்வெளிகளுக்கும் தோட்டத்து லயங்களுக்கும் ஒருசேரக் கொண்டு சென்றது. சௌந்தரராஜனின் குரலில் நடிகரின் முகத்தைக் கேட்டவர் பலர் என்பது மெய். ஆயினும் கேட்டவர் தாமே பாடத் தொடங்கியதும் கூற்று அவருடையதாகிவிடுகிறது. மட்டக்களப்புப் பகுதியில் மச்சானை விளித்துக் கவி பாடிப் பழகியவருக்கு உழவுப் பாட்டின் பெண்குரல் அந்நியமன்று. அவர்களது நாட்டார் கவியின் கேள்வி-மறுமொழி அமைப்பே அது. வயலிலும் வீட்டிலும் அப்பாட்டைப் பாடக் கேட்ட இடங்களில் நாம் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். சும்மா கிடந்த நிலத்திலிருந்து தொடங்கி, பெண்ணின் கேள்விவரை தடையின்றி வருகிறார்கள். காலம் இருக்கிறது என்ற பல்லவியும் வருகிறது. சட்டம் போடும் பகுதி வரும்போது பெரும்பாலோருக்குச் சொற்கள் நினைவில்லை. மெட்டை மட்டும் முனகிவிட்டு மறுபடியும் கேள்விக்கே திரும்புகிறார்கள்.